மேலே இருக்கிறவர்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் பதினொரு பேர். அதில் ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதே கையால் அவர்மேல் ஒரு புகாரும் எழுதியிருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நரம்பு நோய் வார்டின் தலைமை நர்ஸ். முப்பது வருட சர்வீஸ். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்பது வார்டுக்கே தெரியும். புதிதாக வரும் நர்ஸ்களுக்கு மருந்து அலமாரி எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்னால் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வயது ஐம்பத்தெட்டு. ஒல்லியான ஆள். கழுத்து கொஞ்சம் முன்னால் வளைந்திருக்கும், கீழே விழுந்த எதையோ தேடுகிறவர் மாதிரி. சேர்ந்த அன்றே ஆஸ்பத்திரி வாசலில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் அவரைப் பார்த்து, "என்ன, மேல இருக்கிறவரே, கடைசியில கீழ இறங்கி வந்துட்டீங்களா!" என்று கத்தினார். இவரும் சிரித்துக்கொண்டே கையால் என்னவோ காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலை நேரத்தில் வாசலில் என்ன பேச்சு என்று ஒரு அதட்டு அதட்டிவிட்டு உள்ளே போனேன்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேரும் மூடிப்போன இரும்பு ஆலையின் ஆட்கள். இவர் அங்கே கிரேன் ஓட்டியவர். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். அதன் கூண்டுக்குப் போக நாற்பத்திரண்டு படி ஏணி ஏற வேண்டும். ஏறினால் எட்டு மணி நேரம் கழித்துத்தான் இறக்கம். எட்டு டன் இரும்பு பக்கத்தில் ஊர்ந்து போகும்போது கீழே நிற்கிறவர்கள், "மேல இருக்கிறவர் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்களாம். சாமியைச் சொல்றீங்களா, கிரேன்காரரையா என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேரையும்தான். ஆனா பிரேக் இவர்கிட்டதான் இருக்கு" என்பார்களாம். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது.

இருபத்தாறு வருடம் அந்தக் கூண்டில் உட்கார்ந்திருந்தார். சூடு மேலேதான் வரும் என்பதால் ஆலையிலேயே அதிகம் வெந்த இடம் அது. தண்ணீரும் சாப்பாடும் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வார். சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் வாய்விட்டுப் பாடுவார். இருபத்தாறு வருடம் பாடியும் ஒருவர்கூட நிறுத்தச் சொல்லவில்லை என்பதில் அவருக்குப் பெருமை. எங்கள் லிப்டில் அதே பழக்கத்தில் பாடியபோது நான்தான் முதன்முதலாக நிறுத்தச் சொன்னேன். "அப்ப நல்லா இல்லையா சிஸ்டர்?" என்று உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்.

உயரத்தில் இருந்தே பார்த்துப் பழகியதால் அவருக்கு மனிதர்களின் முகம் பழக்கமில்லை. உச்சந்தலைதான் பழக்கம். வேலை நேரத்தில் ஹெல்மெட்டில் இருக்கும் நசுங்கலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார். இடைவேளையில் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைக்கும்போது வழுக்கை, நரை, சுழி எல்லாம் மேலிருந்து பார்த்து மனப்பாடம். ஆலை மூடியபின் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலை கிடைத்தது. அங்கே குடியிருப்போர் சங்கத் தலைவரையே மூன்று முறை வாசலில் மறித்து "யாருங்க நீங்க, யாரைப் பாக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். நாலாவது முறை அந்த மனிதர் செருப்பு மாட்டக் குனிந்தபோதுதான், "அட, நீங்களா!" என்றாராம். அந்த வேலை பதினெட்டு நாளில் போனது.

அதற்குப் பிறகு ஒரு துணிக்கடையில் லிப்ட் இயக்கினார். அது பிடித்திருந்தது, ஆனால் தானாக ஓடும் லிப்ட் வந்துவிட்டது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவினார். வேலையே கிடைக்காமல் இரண்டு வருடம் போனது. அப்போது அவர் மனைவி வீட்டில் தையல் மிஷின் போட்டுக் குடும்பத்தை ஓட்டினார். இவர் சும்மா இருக்க முடியாமல் பொத்தான் துளை போடக் கற்றுக்கொண்டார். "எட்டு டன்னைத் தூக்கின கை சிஸ்டர், ஊசியில நூல் கோர்க்க மட்டும் ஒரு மாசம் ஆச்சு" என்று ஒருநாள் சொன்னார். வருத்தம் கேட்பதற்காகச் சொல்லவில்லை. அந்த ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் சொன்னார்.

அவர்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். உலையில் நின்றவர் ஒருவர் ரொட்டிக் கடை அடுப்புக்குப் போனார். அவர் போன நாளிலிருந்து அந்தக் கடையில் ஒரு ரொட்டிகூடக் கருகியதில்லை. எடை மேடையில் இருந்தவர் காய்கறி விற்கிறார். கிராம் சுத்தமாக நிறுப்பதால் அவரிடம் பேரம் பேசவே யாருக்கும் வாய் வருவதில்லை. இன்னொருவர் பூட்டிக் கிடக்கும் ஆலையின் வாசலிலேயே காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார், உள்ளே காக்க ஒன்றும் இல்லை என்றாலும். ஆலை இவர்களைத் தெருவில் விட்டது, இவர்கள் ஒருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை.

சரி, புகாருக்கு வருகிறேன்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுவதில் அவருக்கு இணை கிடையாது, அதை நான் முதல் வாரமே பார்த்துவிட்டேன். மற்றவர்கள் வெடுக்கென்று இழுப்பார்கள், சடக்கென்று நிறுத்துவார்கள். வயிற்றில் தையல் போட்ட நோயாளி "ஐயோ" என்பார். இவர் தள்ளினால் வண்டி எப்போது கிளம்பியது என்றே தெரியாது. நிறுத்துவதற்குப் பத்தடி முன்பே வேகத்தைக் குறைத்து, கடைசியில் ஒரு சின்னத் தள்ளு தள்ளி நிறுத்துவார். "தொங்குற சுமை ஆடக்கூடாது சிஸ்டர். ஆடிச்சுன்னா யாரையாவது அடிக்கும்" என்பார். ஆபரேஷன் முடிந்தவர்கள் மயக்கம் தெளிந்ததும் "அந்தப் பெரியவரையே அனுப்புங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஆலையின் சட்டங்களையும் கூடவே கொண்டு வந்திருந்தார். தலைக்கு மேல் ஆளோ பொருளோ இருந்தால் அதன் கீழே போகவே மாட்டார், யாரையும் போக விடவும் மாட்டார். ஒருநாள் நடைபாதையில் பெயின்டர் ஏணியில் நின்று கூரைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் தியேட்டரில் பெரிய டாக்டர் கையுறை மாட்டிக் காத்திருக்க, இவர் நோயாளியோடு ஏணிக்கு இந்தப் பக்கம் ஆணி அடித்ததுபோல நின்றுவிட்டார். "அவர் இறங்கட்டும், அப்புறம் போலாம்." நான் ஓடிப்போய்க் கத்தினேன். அவர் நகரவில்லை. பெயின்டர் இறங்கிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. ஏழு நிமிடத் தாமதம். டாக்டரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த ஆத்திரத்தில் புகார் எழுதினேன். அவர் ஒப்பந்த ஊழியர். "இன்னொரு புகார் வந்தால் வேலை நீக்கம்" என்று அவருக்குத் தாள் வந்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் வார்டுக்கு ஒருவர் வந்தார். அறுபது வயது. பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. டாக்டர் என்ன சொன்னாலும் வெறித்துப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கவில்லை, கண்ணை மூடச் சொன்னால் மூடவில்லை. இடது கை மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டே இருந்தது. சலைன் ஊசியை ஒருமுறை பிடுங்கிவிட்டார். அவர் மனைவி ஸ்பூனில் சூப் கொண்டுபோனால் உள்ளங்கையால் காற்றைத் தள்ளினார், போ போ என்பதுபோல. மூன்று நாளாக அவர் வாயில் இரண்டு ஸ்பூன்கூடப் போகவில்லை. "முப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்தேன் சிஸ்டர், இப்ப என்னைப் பாத்தாலே விரட்டுறாரு" என்று அந்த அம்மா நடைபாதையில் உட்கார்ந்து அழுதார்.

நான் குறிப்பேட்டில் எழுதினேன்: சொல்வது புரியவில்லை. உணவை மறுக்கிறார். ஆவேசமாக நடந்துகொள்கிறார். பிறகு ஊசியைக் காப்பாற்றுவதற்காக அந்த இடது கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்துத் துணியால் கட்டச் சொன்னேன்.

எங்கள் வார்டில் பக்கவாதக்காரர்களுக்கு இரண்டே வழி. சொன்னது புரிகிறவர்கள் மேல்மாடியில் இருக்கும் பயிற்சிப் பிரிவுக்குப் போவார்கள். அங்கே நடக்கவும் பேசவும் திரும்பக் கற்றுத் தருவார்கள். எட்டே படுக்கை. புரியாதவர்களைத் தூரத்து ஊரில் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்புவோம். அங்கே குளிப்பாட்டுவார்கள், ஊட்டுவார்கள், அவ்வளவுதான். அங்கிருந்து நடந்து திரும்பி வந்தவரை நான் பார்த்ததில்லை. இவர் இரண்டு சோதனையில் தேறவில்லை. மூன்றாவது, கடைசிச் சோதனை வெள்ளிக்கிழமை காலை. இல்லத்து வண்டிக்கும் அன்றைக்கே சொல்லி வைத்தாகிவிட்டது.

வியாழக்கிழமை அவரை ஸ்கேனுக்குக் கூட்டிப்போக நம் ஆள் வந்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றித் தலைமாட்டில் நின்று தள்ள ஆரம்பித்தவர், நாலடி போனதும் நின்றுவிட்டார். குனிந்து நோயாளியின் உச்சந்தலையையே பார்த்தார். ஒட்ட வெட்டிய நரைமுடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுழி.

"ரெட்டைச்சுழி" என்றார், பாதி மூச்சில்.

"என்னண்ணே?" என்றேன்.

"எங்க கொக்கிக்காரர் சிஸ்டர். இருபது வருஷம் எனக்குக் கீழ கொக்கி மாட்டினவரு."

கிரேன் தூக்க வேண்டிய இரும்பில் கொக்கியை மாட்டி, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று மேலே பார்த்துக் கையால் சொல்கிறவர்தான் கொக்கிக்காரர். அந்தச் சத்தத்தில் வாய்க்கு வேலை இல்லை. இருபது வருடமும் இரண்டு பேருக்கும் நடுவில் கைகள்தான் பேசியிருக்கின்றன. வேலை விஷயம் மட்டுமில்லை. உனக்குக் குழந்தை பிறந்ததாமே, இன்றைக்கு மேஸ்திரி கடுகடுப்பாக இருக்கிறார், நேற்று ஏன் வரவில்லை என்று எல்லாமே கையால். ஒருமுறை பெரிய சண்டை போட்டு மூன்று நாள் ஒருவருக்கொருவர் கை கொடுக்காமல், அதாவது வேலைச் சைகை தவிர வேறு எதுவும் பேசாமல் இருந்தார்களாம்.

ஆலை மூடிய அன்று காலை பதினோரு மணிக்கு வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மேலே இருந்தவருக்கு யாரும் சொல்லவில்லை. கீழே தலைகள் ஒரு பக்கமாகக் கூடுவதும், இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்குவதும் மட்டும் தெரிந்தது. சுமையைக் கொக்கியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சைகைக்காகக் காத்திருந்தார். கடைசியில் கொக்கிக்காரர் தனியாக வந்து நின்று மேலே பார்த்தார். இறக்கு என்று காட்டினார். இவர் இறக்கினார். பிறகு அவர் இரண்டு மணிக்கட்டையும் குறுக்கே வைத்துக் காட்டினார், ஷிப்ட் முடிந்தது என்று. பன்னிரண்டு மணிக்கு எந்த ஷிப்ட் முடியும்? அப்போதுதான் இவருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருவரும் சந்திக்கவே இல்லை. "நேர்ல பாத்தா என்ன பேசுறதுன்னு தெரியல சிஸ்டர். அவர் குரலே எனக்கு சரியாத் தெரியாது" என்றார்.

அந்த வியாழக்கிழமை ஸ்ட்ரெச்சரைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து முகத்தைக் காட்டினார். கொக்கிக்காரர் அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை. கூண்டு ஜன்னலில் ஒரு தொப்பியும் இரண்டு கையுமாகப் பார்த்தவரை முகத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பார்? பிறகு இவர் பார்வை கட்டிய இடது கைக்குப் போனது. என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"யாரு கட்டினது?"

"நான்தான். ஊசியைப் பிடுங்குறாரு."

"வாயைக் கட்டிட்டீங்களே சிஸ்டர்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான் இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. உங்கள் வேலை எதுவோ அதைப் பாருங்கள் என்றேன். அவர் தள்ளிக்கொண்டு போனார். ஸ்கேன் முடிந்து படுக்கையில் விட்டபோது மத்தியானச் சூப் வந்திருந்தது. அந்த அம்மா ஸ்பூனைக் கொண்டுபோனார். கட்டியிருந்த கை, கட்டுக்குள்ளேயே, விரல்களை விரித்து வெளிப்பக்கமாக இரண்டு முறை தள்ளியது.

"பாருங்க, இப்பவும் விரட்டுறாரு" என்றார் அந்த அம்மா.

"விரட்டலம்மா" என்றார் இவர். "ரெண்டு தடவை தள்ளினா, சூடு வருது, தள்ளி நில்லுன்னு அர்த்தம். பழுத்த இரும்பு வரும்போது பக்கத்துல இருக்கிற ஆளுக்குச் சொல்றது. சூப் சுடுதும்மா. பாதி வாய் மரத்துப்போச்சு, மீதிப் பாதிதான் எல்லாச் சூட்டையும் வாங்குது. கொஞ்சம் ஆத்திக் குடுங்க."

அந்த அம்மா சந்தேகத்தோடு ஊதி ஊதி ஆற்றி, உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஒரு கிண்ணம் சூப்பும் உள்ளே போனது. நான் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். உணவை மறுக்கிறார் என்று மூன்று நாளாக எழுதியிருந்தது என் கையெழுத்துதான்.

கட்டை நானே அவிழ்த்தேன். அவிழ்த்துவிட்டு, "அப்புறம் ஏன் டாக்டர் சொல்றதைக் கேக்க மாட்டேங்குறாரு?" என்றேன், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

அவர் அந்த அம்மாவைப் பார்த்துத் தயங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "காது கேக்காது சிஸ்டர். எங்க தளத்துல நின்ன பாதிப் பேருக்குக் கேக்காது. காதுச் சோதனையில தேறலன்னா வேலையிலேர்ந்து எடுத்துருவாங்கன்னு ஒருத்தரும் வெளிய சொல்ல மாட்டோம். ஒருத்தருக்கு ஒருத்தர் மறைப்போம். உதட்டைப் பாத்தே பேசிருவாங்க. வீட்டுக்குக்கூடத் தெரியாது."

"ஒரு காது கொஞ்சம் மந்தம்னுதான் எங்கிட்ட சொன்னாரு" என்றார் அந்த அம்மா. வாய் திறந்தபடியே இருந்தது. "நான் சமையல்கட்டுலேர்ந்து கூப்பிட்டா வரவே மாட்டாரு. திமிருன்னு நினைச்சேன். ரெட்டைச் சுழிக்காரருக்கு ரெண்டு கல்யாணம்னு ஊரே கேலி பண்ணும். ஒருத்தி கத்துறதே காதுல விழல, இதுல ரெண்டாம்." சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் வார்டில் டாக்டர், நர்ஸ் எல்லோரும் முகக்கவசம் அணிந்திருக்கிறோம். டாக்டரின் உதட்டை அந்த மனிதர் ஒருநாள்கூடப் பார்த்திருக்க முடியாது. அன்று சாயங்காலமே சின்ன டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஸ்ட்ரெச்சர் தள்றவர் நோய் கண்டுபிடிக்கிறாரா? காது கேட்கும்னு மனைவி எழுதிக் கொடுத்திருக்காங்க. நாளைக்குப் பெரிய டாக்டர் முறைப்படி பார்ப்பார். நீங்க இதைப் போய் அவர்கிட்ட சொல்லி மாட்டிக்காதீங்க." பெரிய டாக்டர் முன்னால் பேச எனக்கும் நாக்கு எழும்பாது. அந்த ஏழு நிமிடத்தை அவர் மறந்திருக்கவில்லை.

நம் ஆளிடம் சொன்னேன். "நாளைக்கு டாக்டர் சுத்தி வரும்போது நீங்க வார்டுக்கு உள்ள வரக்கூடாது. ஏற்கெனவே ஒரு தாள் வாங்கியிருக்கீங்க. இந்த வேலையும் போச்சுன்னா அறுபது வயசுல எங்க போவீங்க?"

"சரிங்க சிஸ்டர்" என்றார். அவர் சரி என்று சொன்னதும் நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன், வெட்கமில்லாமல்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். பின்னால் ஆறு வெள்ளைக் கோட்டு. கட்டிலைச் சுற்றி வேலிபோல நின்றார்கள். வார்டுக் கடைசியில் இல்லத்துக்குக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சரோடு நம் ஆள் நின்றார், வாசலுக்கு வெளியே, சொன்னபடியே. அவருக்குப் பக்கத்தில், வாசலுக்கு உள்ளே, கூரை ஒழுகலைப் பூசுவதற்கு வைத்திருந்த ஏணி.

"கையைத் தூக்குங்க" என்றார் டாக்டர், முகக்கவசத்துக்குள்ளிருந்து. கொக்கிக்காரர் அவர் கண்களையே பார்த்தார். "கண்ணை மூடுங்க." பார்த்தார். "நான் சொல்றது கேக்குதா?" பார்த்தார். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார், சின்ன டாக்டர் கையமர்த்தினார். நான் சொல்லலாமா என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

அப்போது ஏணி கிறீச்சிட்டது. திரும்பினால் நம் ஆள் ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறார். ஆறு வெள்ளைக் கோட்டுகளின் தலைக்கு மேலே தெரிகிற உயரம் வரைக்கும் ஏறினார். இடது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவதுபோல நீட்டினார்.

கொக்கிக்காரரின் கண்கள் மேலே போயின. அந்த முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பதினோரு வருடமாகக் காணாமல் போயிருந்தவர் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தார்.

மேலே விரலைச் சுழற்றினார். கீழே இடது கை எழுந்து விரலைச் சுழற்றியது. மேலே கை மூடியது. கீழே கை மூடியது.

"யார் இது? என்ன நடக்குது இங்க?" என்றார் டாக்டர். சின்ன டாக்டர் அவசர அவசரமாக விளக்கினார். டாக்டர் ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "பார்த்ததை அப்படியே செய்யறார். கைக்குழந்தைகூட அதைச் செய்யும். இது புரிதல் இல்லை. சிஸ்டர், அந்த ஆளை முதல்ல கீழே இறக்குங்க."

நான் ஓடினேன். ஏணி தள்ளாடுகிறதே என்ற பயம் ஒரு பக்கம், டாக்டர் பயம் மறு பக்கம். ஏணிக்கு அடியில் புகுந்து இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு, "இறங்குங்கண்ணே, வேலை போயிடும், இறங்குங்க" என்றேன். அவர் இறங்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிலில் கொக்கிக்காரரின் கை மூடியது. இந்த முறை மேலே யாரும் அப்படிக் காட்டவில்லை. மூடிய கையை உயர்த்தி இரண்டு தரம் அசைத்தார். பிறகு உள்ளங்கையை விரித்து என் பக்கமாக நீட்டித் தள்ளினார். ஒரு முறை. இரண்டு முறை. தொண்டையிலிருந்து வார்த்தையில்லாத சத்தம் வந்தது. கண்கள் என்மேல்தான் இருந்தன.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டது டாக்டர்தான்.

ஏணியிலிருந்து பதில் வந்தது. "நிறுத்துன்னு எனக்குச் சொல்றாரு டாக்டர். கீழ ஆள் நிக்குதாம். சிஸ்டரைத் தள்ளி நிக்கச் சொல்றாரு. நான் மேல இருக்கும்போது அவங்க அடியில நிக்கிறாங்க இல்ல, அதான்."

அந்தக் கையைக் கம்பியோடு கட்டி வைத்திருந்தது நான். அது அவிழ்ந்ததும் என்னைத்தான் காப்பாற்றப் பார்த்தது. நான் ஏணியை விட்டுவிட்டுத் தள்ளி வந்து நின்றேன். நின்ற பிறகுதான் அந்தக் கை அடங்கிப் போர்வையில் விழுந்தது.

டாக்டர் பேனாவை மூடினார். முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுக் குனிந்து, உதட்டை நன்றாக அசைத்து, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றார். கொக்கிக்காரர் இரண்டு விரலைக் காட்டினார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, சரிதானே என்பதுபோலப் பார்த்தார்.

நம் ஆள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார், இல்லத்து வண்டிக்கு அல்ல, மேல்மாடிக்கு. வண்டி கிளம்பியதும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. லிப்டில் அவர் பாடினாராம். கொக்கிக்காரர் மேலே பார்த்து அவர் உதட்டையே கவனித்தாராம். இருபது வருடம் மேலே வாயசைந்தது எதற்கு என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்திருக்கும்.

பதினோரு மணிக்கு அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. டாக்டர் சுற்றின்போது ஊழியர் ஒருவர் ஏணியில் ஏறியது பற்றித் தலைமை நர்ஸ் அறிக்கை தர வேண்டும் என்று. முப்பது வருட சர்வீஸில் அதுவரை நான் பொய் எழுதியதில்லை. "எனது உத்தரவின்பேரில் ஏறினார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஒரு தாள் வந்தது, நாலாக மடித்து வைத்திருக்கிறேன்.

அவர் கீழே வந்தபோது நிறுத்திக் கேட்டேன். "அண்ணே, உங்க ஆலையில மன்னிச்சுக்கோங்கன்னு சொல்ல என்ன சைகை?"

யோசித்தார். கையைத் தூக்கிப் பார்த்தார், தேடிப் பார்த்தார். "அதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்ல சிஸ்டர். தப்பாப் போச்சுன்னா இறக்கி வச்சுட்டு, மறுபடியும் சரியா மாட்டித் தூக்குவோம். அவ்வளவுதான்."

மத்தியானம் மேல்மாடிக்குச் சூப் போகும் நேரம். கிண்ணத்தை நானே வாங்கி, ஜன்னலோரம் நின்று ஆற்றி எடுத்துக்கொண்டு போனேன்.